கோணலாகக் கிடந்த கம்பளம்

செவ்வாய்க்கிழமை அண்ணன் பேசிவிட்டு போனை வைத்ததிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்பது மறந்துபோயிற்று. குட்டி போட்ட பூனை மாதிரி கடைக்கும் அப்பாவின் அறைக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். கடை என்றால் வேறெங்கோ இல்லை, வீட்டின் முன்னறைதான். படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிற தொழில். கண்ணாடி வெட்டுவதும் அட்டை வெட்டுவதும் அவளுக்குக் கைவந்த வேலை. அன்றைக்கு வெட்டிய கண்ணாடி அத்தனையும் பிசகி, மூலையில் குவிந்தது.

அண்ணன் ஒன்றும் கொடுமைக்காரன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவன் சொன்னது இவ்வளவுதான்.

"ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன். அப்பா யார் துணையும் இல்லாம பாத்ரூம் போயிட்டு வந்துட்டாருன்னா சரி, நான் வாயே திறக்கல. முடியலைன்னா நான் பார்த்து வெச்சிருக்கிற ஹோம்ல சேர்த்துடலாம். நல்ல இடம்தான். சுவரெல்லாம் பிடிச்சுக்கக் கம்பி இருக்கு, நர்ஸ் இருக்காங்க. நீயும்தான் எவ்வளவு நாள் இப்படி அல்லாடுவே?"

அல்லாடுகிறேன் என்று அவள் யாரிடமாவது சொன்னாளா? சொல்லவில்லை. ஆனால் சொல்லாவிட்டாலும் அது உண்மை, அதுதான் கோபம் கோபமாக வந்தது.

அப்பாவுக்கு நடுக்குவாதம். கை நடுங்குவதைக்கூடச் சமாளித்துவிடலாம், கால்தான் வம்பு. நன்றாக எழுந்து நிற்பார். ஓரடி வைப்பார். அப்புறம் இரண்டு பாதமும் பசை தடவினாற்போலத் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகும், கால் கூட வராது. இது யாருக்கு வந்திருக்கிறது பாருங்கள்! வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறித்துக்கொண்டு வருகிற வேலையில் ஆயுசு பூராவும் நடந்தவர். அவருடைய வேகத்தைப் பார்த்துக் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர் எக்ஸ்பிரஸ். "உங்கப்பாகூட நடந்தேன்னு சொல்லாதே, பின்னாடியே ஓடினேன்னு சொல்லு" என்பாள் அம்மா, உயிரோடு இருந்த காலத்தில்.

இப்போது எக்ஸ்பிரஸ் கட்டிலிலிருந்து பாத்ரூம் போக வேண்டுமென்றால் மகளைக் கூப்பிட வேண்டும். அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து கூட்டிப்போவாள். உள்ளே போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். எல்லாம் முடிந்து கட்டிலுக்கு வந்தபின் கொஞ்ச நேரம் அவர் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். அதைவிடக் கொடுமை, சில வாரமாகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். சின்ன டம்ளரில் கொடுத்தாலும் பாதியை வைத்துவிடுவார். "தாகம் இல்லை" என்பார். உதடு வெடித்திருக்கும். கூப்பிடும் தடவை குறையட்டும் என்றுதான் என்பது அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற பெண்மணி, தடுக்கிவிடப்போகிறது என்று சொல்லி, தரையில் கிடந்த எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லியிருந்தாள். மிதியடி போயிற்று, முக்காலி போயிற்று. மிச்சமிருந்தது ஒரு கட்டில், ஒரு நாற்காலி, பளபளவென்று வெள்ளைத் தரை. அண்ணன் வந்து இந்த அறையைப் பார்த்தால் என்ன நினைப்பான்? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிற இடத்தைப் பார்த்தால் ஆஸ்பத்திரி நினைப்புத்தானே வரும்? அந்தக் கவலையில்தான் கம்பள யோசனை வந்தது. நல்லதாக ஒரு கம்பளம் விரித்து, ஓரம் நாலையும் தரையோடு ஒட்டிவிட்டால் அறைக்கு வீட்டுக்களை வந்துவிடும். கால் நடப்பதற்கும் கம்பளத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது அவளுக்கே புரிந்துதான் இருந்தது. ஆனால் சும்மா இருக்க முடியவில்லையே, அதற்கு என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, அப்பாவை வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு கம்பளக் கடைக்குப் போனாள். தனியாக விட்டுவிட்டுப் போக வழியில்லை. அறையின் சுவர் வெளிறிய பச்சை, திரைச்சீலை சாம்பல் நீலம். இரண்டு நிறத்துக்கும் பொருத்தமான அட்டைத் துண்டுகளை வெட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். படத்துக்குச் சட்டம் தேர்ந்தெடுக்கும்போது அப்படித்தான் அவள் மூலையில் வைத்துப் பார்ப்பது வழக்கம்.

கடை வாசலிலேயே அப்பாவின் கால் ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அவள் கையைக் கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, ஒருவழியாக உள்ளே இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

கம்பளக் கடைக்காரர் வாட்டசாட்டமான ஆள், வாயும் அதற்கேற்ற மாதிரி. "மேடம், கம்பளத்தை நாம தேர்ந்தெடுக்கக்கூடாது. அறைதான் தேர்ந்தெடுக்கணும்" என்று ஆரம்பித்தார். வியாபாரிகள் எல்லாரும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தத்துவத்தைத் தயாராக வைத்திருப்பார்கள். அவள் காதில் வாங்கிக்கொள்ளாமல் அட்டைத் துண்டுகளை எடுத்தாள்.

அடுக்கி வைத்திருந்த கம்பளங்களை அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டார். மாதுளை நிறம், கருநீலம், பழுப்பு. கொடியும் பூவுமாக ஒன்று, மரமும் பறவையுமாக ஒன்று. சுண்டினால் தூசி பறந்தது. அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவர் பார்க்காத ஹாலா?

"இந்த மாதிரி விரிச்சிருக்கிற வீட்டுல செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் மீட்டர் பார்க்கப் போகணும்" என்றார். "அதோ அந்தப் பச்சை இருக்கே, அது போட்டிருக்கிற வீட்டுல கண்டிப்பா நாய் இருக்கும்."

"ஐயா அனுபவஸ்தர்!" என்று கடைக்காரர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கண் ஒரு சிவப்புக் கம்பளத்தில் நின்றுவிட்டது. நடுவில் பெரிய வட்டப்பூ, சுற்றிலும் மூன்றடுக்குக் கரை. சட்டம் போட்ட படம் மாதிரியே இருந்தது, பிடிக்காமல் போகுமா? அட்டைத் துண்டை வைத்துப் பார்த்தாள், பச்சையோடு அழகாகச் சேர்ந்தது. எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் நிறம் வெளுத்துத் தெரிந்தது.

"இழை சாய்ஞ்சிருக்கிற திசை மேடம். வாசல்லேர்ந்து பார்க்கிறது வேற, உட்கார்ற இடத்துலேர்ந்து பார்க்கிறது வேற. புழங்கறவங்க எங்கேர்ந்து பார்ப்பாங்களோ, அங்கேர்ந்து பார்த்து முடிவு பண்ணணும்."

"அப்பா, கொஞ்சம் நடந்து பாருங்க. கால்ல உறுத்துதான்னு சொல்லுங்க."

அப்பா எழுந்தார். கரையைத் தாண்டினார். பூவின் நடுவே வந்தார். அங்கேயே நின்றுவிட்டார். சிவப்புப் பூவுக்கு மத்தியில், முழங்கால் மட்டும் வெடவெடவென்று ஆட, பாதம் அசையவில்லை.

கடைக்காரருக்கு விஷயம் தெரியாது. "பார்த்தீங்களா மேடம்! பிடிச்சுப்போச்சு, ஐயா நகரவே மாட்டேங்கிறாரு!" என்று கைதட்டினார்.

அப்பாவும் சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தாள். கம்பளமும் வேண்டாம் கத்தரிக்காயும் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று கைப்பையை மூடினாள். கார்க்காரரைக் கூப்பிட ஜன்னலோரம் போய் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தால் நாற்காலியில் அப்பா இல்லை. கடையின் கோடியில் குடிதண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தனியாக.

எப்படிப் போனார்? நாற்காலிக்கும் குழாய்க்கும் நடுவில் நீளமாக ஒரு கம்பளம் கிடந்தது. விற்பனைக்கு எடுத்துக் காட்டாமல், கடைக்குள் ஆட்கள் நடக்கிற வழியில் போட்டுவைத்திருந்த சரக்கு. இழை நிற்காமல் ஜமுக்காளம் மாதிரி தட்டையாக நெய்தது. செங்கல் நிறம், கடுகு நிறம், கறுப்பு என்று குறுக்கே பட்டை பட்டையாக ஓடிற்று. பார்க்கச் சகிக்காத சேர்க்கை.

"அப்பா, திரும்பி வாங்க பார்க்கலாம்" என்றாள்.

வந்தார். கறுப்புப் பட்டை, கடுகுப் பட்டை, செங்கல் பட்டை என்று ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, பழைய எக்ஸ்பிரஸாகவே வந்தார்.

"எப்படிப்பா?"

"தெரியலையே. தாகமா இருந்துச்சு, போனேன்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அட்டைத் துண்டை எடுத்து வைத்துக்கூடப் பார்க்கவில்லை. "இதைச் சுருட்டுங்க" என்றாள். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "இதையா மேடம்? உங்க பச்சைச் சுவருக்கா? சரி, வீட்டுல போட்டுப் பாருங்க, ஒத்துவரலைன்னா திருப்பிக் கொடுத்துடுங்க" என்று சொல்லிக்கொண்டே சுருட்டினார்.

சனிக்கிழமை காலை கம்பளத்தை விரித்தாள். விரித்தாள் என்றால் சும்மாவா? சட்டம் போடுகிறவள் அல்லவா? அளவுகோலை எடுத்து, இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் இடைவெளி ஒரே அளவாக இருக்கும்படி, அறையின் நீளவாக்கில், நூல் பிடித்தாற்போல நடு அறையில் போட்டாள். நிறம் கண்ணைக் குத்தினாலும் அறைக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது.

"இப்போ போங்கப்பா."

அப்பா கட்டிலிலிருந்து எழுந்தார். எதிர்ச்சுவரில் பாத்ரூம் கதவு. ஓரடி வைத்தார். கம்பளத்தின் மேல் கால் பட்டது. ஒட்டிக்கொண்டது.

"நடங்கப்பா."

"நடக்கத்தான் பார்க்கிறேன்."

உட்காரவைத்து மறுபடி எழுப்பினாள். மறுபடியும் அதே கதை. மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. அவளுக்குள் என்னவோ அறுந்துவிட்டது.

"கடையில நடந்தீங்க இல்ல? அந்த ஆள் முன்னாடி கைவீசிக்கிட்டு நடந்தீங்க இல்ல? அதே கம்பளம்தானே இது? இங்க நடந்தா மட்டும் உங்களுக்கு என்ன வந்துச்சு?" கத்தினாள். கத்தியது தெருவரை கேட்டிருக்கும்.

அப்பா முழங்காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "என்னை ஏன் கேக்கிறே பாப்பா? காலைக் கேளு" என்றார். அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

முன்னறைக்கு வந்து மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போனை எடுத்தாள், அண்ணனின் எண் வரை போனாள். 'நீ சொன்ன இடத்துலயே சேர்த்துடலாம்' என்று சொல்லிவிட்டால் போதும், இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள். நாளைக் காலையிலாவது கம்பளத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சுருட்ட வந்தாள்.

அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். அவள் கட்டிலின் ஓரத்தில், அப்பா வழக்கமாக உட்காருகிற இடத்தில் சோர்ந்துபோய் உட்கார்ந்தாள். கால் இரண்டும் அப்பாவின் கால் படுகிற இடத்தில் பட்டன. குனிந்து பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து பாத்ரூம் கதவைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

அட, அறிவு கெட்டவளே!

கடையில் பட்டைகள் அவருக்குக் குறுக்கே கிடந்தன. ஒவ்வொன்றும் தாண்ட வேண்டிய ஒரு படி, தாண்ட ஒன்று கண்ணில் பட்டால்தான் அவர் கால் எழும்பியது. இங்கே அவள் அழகு பார்த்து அறையின் நீளவாக்கில் போட்டதில், அவர் நடக்கிற வழிக்குக் கம்பளமே குறுக்கே கிடந்தது, கட்டிலிலிருந்து பார்த்தால் எல்லாப் பட்டைகளும் நெடுக்கே ஓடின. தாண்டுவதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு நாள் முழுக்க வாசலிலிருந்து பார்த்துப் பார்த்து ரசித்தாளே தவிர, நடக்கிற மனிதர் எங்கிருந்து பார்ப்பார் என்று பார்க்கவில்லை. கடைக்காரர் வாய் வலிக்கச் சொன்னதும் அதைத்தான்.

கட்டிலை மூலையிலிருந்து நகர்த்த இடமில்லை, பாத்ரூம் கதவு எதிர்ச்சுவரின் கோடியில் இருந்தது. ஆகவே ஒரே வழிதான். கட்டிலடியில் தொடங்கி, அறையைக் கோணல்மாணலாக வெட்டிக்கொண்டு, கதவுவரைக்கும் கம்பளத்தை இழுத்தாள். எந்தச் சுவரோடும் அது ஒத்துப்போகவில்லை. ஒரு முனை நாற்காலியை இடித்தது, அப்பாவைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு நாற்காலியைத் தூக்கி ஹாலில் போட்டாள். முன்னறையிலிருந்து இரட்டைப் பக்க டேப்பைக் கொண்டுவந்து, குப்புறப் படுத்து, ஓரம் முழுவதையும் தரையோடு அழுத்தி ஒட்டினாள். எழுந்து நின்று பார்த்தபோது பல் கூசியது. கால் அங்குலம் பிசகிய படத்தையே சுவரிலிருந்து இறக்கிவிடுகிறவள் அவள்.

"என்ன பாப்பா, கண்ணை மூடிக்கிட்டுப் போட்டியா?" என்றார் அப்பா.

"வந்து நடங்க, பேசாம."

நடந்தார். பாத்ரூம் வாசல்வரை ஒரே ஓட்டமாகப் போனார். நிலைப்படியில் கம்பளம் முடிந்த இடத்தில் கால் நின்றது. அவள் சளைக்கவில்லை. சட்டத்தின் முதுகில் ஒட்டுகிற பழுப்பு டேப்பைக் கிழித்து, நிலைப்படியிலும் உள்ளே தரையிலும் குறுக்குக் குறுக்காகக் கோடு போட்டாள். "இப்போ?" ஆனால் அவருக்கு மூச்சு வாங்கியது. திரும்பி வரும்போது பாதியில் ஒரு தடவை நின்றுவிட்டார்.

"இன்னிக்கு இது போதும், ஆளை விடு" என்று படுத்துக்கொண்டார். அவரைக் குறைசொல்ல அவளுக்கு வாய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சொன்னதைவிடச் சீக்கிரமே வந்துவிட்டான். அப்பா எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் வாசலில் நின்று அறையைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான்.

"என்ன இது கோலம்? கம்பளம் ஏன் இப்படிக் கோணிக்கிட்டுக் கிடக்கு? நீயா போட்டே?" சின்ன வயதில் அவனுடைய மேசையில் பேனா கோணலாக இருந்தால்கூட நேராக்கி வைத்து அவனிடம் அடி வாங்கியவள் இவள். அவன் முகத்தில் பயம் தெரிந்தது. அப்பாவைப் பற்றி இல்லை, அவளைப் பற்றி. "இரு, நேராப் போடறேன்" என்று குனிந்து ஒரு முனையைப் பிடித்தான்.

"கையை வெச்சே, தொலைச்சுடுவேன்!"

அண்ணன் வெலவெலத்து நிமிர்ந்தான்.

"ஏன் அவனை விரட்டறே?" என்றார் அப்பா. அப்புறம் இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றினார். "வந்தவன் உட்காரட்டும். நான் ஒரு நிமிஷத்துல வந்துடறேன்."

எழுந்தார். கால் ஒட்டிக்கொண்டது.

அண்ணன் ஓரடி முன்னால் வைத்தான். அவள் அவனுடைய சட்டையைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "விழுந்துடப்போறாருடீ" என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "விடு" என்றாள். "அவரை விடு."

அப்பா இரண்டு பேரையும் பார்க்கவில்லை. குனிந்து முதல் பட்டையைப் பார்த்தார், கறுப்பு. வலது கால் அதைத் தாண்டியது. இடது கால் கடுகைத் தாண்டியது. அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. கறுப்பு, கடுகு, செங்கல் என்று கோணல் வழியே மளமளவென்று போனார். நிலைப்படியின் டேப்பைத் தாண்டி உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

"தாழ்ப்பாள் போட்டுட்டாரு!" என்று அண்ணன் பதறினான்.

"போடட்டும்" என்றாள். எத்தனையோ மாதமாக அந்தத் தாழ்ப்பாளைப் போட ஆளில்லை. இத்தனை நாளும் அவள் உள்ளேயே நின்றிருந்தாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. இப்போது கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தோன்றாமல் அழுதுகொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேரும் கதவுக்கு வெளியில நின்னு என்ன கேட்டுக்கிட்டு இருக்கீங்க? அந்தப் பக்கம் போங்க!"

போனார்கள். ஹாலில் கிடந்த நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்தான். அவன் ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் ஹோம் என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவே இல்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன்தான்.

தாழ்ப்பாள் திறந்தது. காலடிச் சத்தம் வந்தது, நடுவில் எங்கும் நிற்கவில்லை. கட்டில் கிறீச்சிட்டது.

"பாப்பா" என்று கூப்பிட்டார். "குடிக்கத் தண்ணி கொண்டா. அந்தச் சின்ன டம்ளர்ல வேண்டாம்."

அவள் கூஜா நிறையப் பிடித்துக்கொண்டு வந்தாள்.